போர்ட் கொச்சியில் மின்சார கார் வாங்குறீங்களா? சார்ஜருக்கு முன்னாடி வீட்டு ஒயரிங்கைப் பாருங்க

கார் புக் பண்ணியாச்சு. கலர் முடிவாச்சு, லோன் கையெழுத்தும் ஆச்சு. கிளம்பும்போது ஷோரூமில் கடைசியாக ஒரு கேள்வி வரும்: “வீட்டு சார்ஜர் 3.3 போதுமா, 7.2 வேணுமா?”

போன் சார்ஜர் வாங்கிப் பழகிய கை, பெரிய எண்ணைத்தான் காட்டும். ஆனால் நீங்கள் வேலைக்காக கொச்சி வந்து, போர்ட் கொச்சியிலோ மட்டாஞ்சேரியிலோ ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறீர்கள் என்றால், அந்தக் கேள்விக்கு ஷோரூமில் பதில் சொல்லாதீர்கள். பதில் உங்கள் வீட்டு மெயின் போர்டில் இருக்கிறது. சார்ஜர் பெட்டி கெட்டுப்போனால் கம்பெனி மாற்றிக் கொடுக்கும். எர்த் இல்லாத பிளக்கில் இரவு முழுக்க கார் நின்றால், காலையில் ஈரத் தரையில் நின்று கதவைத் திறக்கப் போவது நீங்கள்.

சுருக்கமாகச் சொன்னால், நம்மில் பெரும்பாலானோருக்கு மெதுவான சார்ஜரே போதும். அதில் மிச்சமாகும் பணத்தை ஒயருக்கும் எர்த்துக்கும் போடணும். ஏன் என்று பார்ப்போம்.

ஒரு ராத்திரிக்கு எத்தனை யூனிட் வேணும்?

போர்ட் கொச்சியிலிருந்து காக்கநாடு இன்ஃபோபார்க் சுமார் 20 கிலோமீட்டர். போய் வர 40. சின்ன, நடுத்தர மின்சார கார்கள் ஒரு யூனிட்டுக்கு நகரத்துக்குள் ஏறத்தாழ 7 கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் 40 கிலோமீட்டருக்கு ஆறு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவு. சார்ஜ் ஆகும்போது வெப்பமாக வீணாவதையும் சேர்த்தால் ஆறரை என்று வைத்துக்கொள்ளலாம்.

3.3 கிலோவாட் சார்ஜர் ஒரு மணி நேரத்தில் 3.3 யூனிட் தரும். ஆக, உங்கள் தினசரி ஓட்டத்தை அது இரண்டு மணி நேரத்தில் நிரப்பிவிடும். நீங்கள் தூங்குவதோ ஏழு மணி நேரம்.

“பேட்டரி முழுசா காலியானா?” என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 45 கிலோவாட் மணி பேட்டரியை 3.3-ல் அடியிலிருந்து நிரப்ப பதினான்கு மணி நேரம் வரை ஆகும், 7.2-ல் ஆறு, ஆறரை. ஆனால் பேட்டரி அடி வரை காலியாகி வீட்டுக்கு வரும் நாள் மாதத்தில் எத்தனை? கோயம்புத்தூர் போய்த் திரும்பும் அந்த ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அன்றைக்கு வழியில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரில் அரை மணி நேரம் நின்று, ஒரு சாயா குடித்துவிட்டு வந்தால் முடிந்தது.

ஸ்கூட்டர்காரர்களுக்கு இந்தக் கவலையே வேண்டாம். பெரும்பாலான ஸ்கூட்டர் சார்ஜர்கள் ஒரு கிலோவாட்டைச் சுற்றியோ அதற்கும் கீழேயோதான் இழுக்கின்றன. தனி வால்பாக்ஸ் தேவையில்லை, ஒழுங்கான எர்த்தோடு ஒரு பிளக் போதும். ஒன்றே ஒன்று: கழற்றும் பேட்டரியை மாடிப்படி அடியிலோ வாசல் கதவு பக்கத்திலோ வைத்து சார்ஜ் போடாதீங்க. ஏதாவது பற்றிக்கொண்டால் வெளியே ஓட இருக்கும் ஒரே வழி அதுதான்.

7.2 வாங்கினால் என்ன நஷ்டம்?

சுவரில் மாட்டுகிற பெட்டியை நாம் சார்ஜர் என்கிறோம். உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டிலிருந்து வரும் ஏசி மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்ற டிசி-யாக மாற்றுவது அதுதான். வெளியே உள்ள பெட்டி பாதுகாப்போடு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஒரு புத்திசாலி சுவிட்ச், அவ்வளவே. காருக்குள் இருப்பது 3.3 என்றால் வெளியே 22 மாட்டினாலும் 3.3 தான். எம்ஜி காமெட்டின் ஆரம்ப வேரியன்ட் அப்படிப்பட்டது. எனவே முதலில் உங்கள் வேரியன்ட்டின் ‘ஆன்போர்டு சார்ஜர்’ அளவைக் கேளுங்க.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 11 கிலோவாட் பெட்டி, மூன்று பேஸில் பேஸுக்கு 16 ஆம்பியர் வீதம் தருவது. உங்கள் கார் ஒரே பேஸில் 32 ஆம்பியர் வாங்கும் 7.2 ரகம் என்றால், அந்தப் பெட்டியிலிருந்து அதற்குக் கிடைப்பது ஒரு பேஸின் 16 ஆம்பியர் மட்டுமே, அதாவது 3.7 கிலோவாட். அதிகப் பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, விலை குறைந்த 7.2-ஐ விட மெதுவாக சார்ஜ் போடும்!

அடுத்தது இணைப்பு. கேரளத்தில் வீட்டின் மொத்த இணைப்புச் சுமை 5 கிலோவாட்டைத் தாண்டினால் பொதுவாக சிங்கிள் பேஸ் போதாது, த்ரீ பேஸுக்கு மாறணும். 7.2 பெட்டி ஒன்று மட்டுமே அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். மாறுவது என்றால் கேஎஸ்இபி செக்‌ஷன் ஆபீஸில் விண்ணப்பம், புது மீட்டர், உள்ளே போர்டு மாற்றம், மாதாமாதம் கூடுதல் நிலைக் கட்டணம். சொந்த வீடு, வீட்டில் இரண்டு மின்சார கார், அல்லது ஒரு நாளைக்கு 150 கிலோமீட்டர் ஓட்டும் வேலை என்றால் இதெல்லாம் செய்யலாம். பதினோரு மாத வாடகை ஒப்பந்தத்தில் இருப்பவர் செய்ய வேண்டிய செலவு இல்லை.

3.3 போட்டாலும் ஏற்கெனவே ஏசி, கீசர் இருக்கிற வீட்டில் பதிவான சுமை கூடத்தான் செய்யும். பழைய மின் கட்டண ரசீதை எடுத்து, இணைப்புச் சுமை எவ்வளவு என்று இன்றைக்கே பாருங்க.

பில்லில் ஒரு கோடு: 250

சொந்த வீட்டில் சொந்த இணைப்பிலேயே கார் சார்ஜ் செய்துகொள்ள தனி அனுமதி தேவையில்லை. மத்திய மின்துறை அமைச்சகம் 2022 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஆனால் கேரளத்து வீட்டுக் கட்டணத்தில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வருபவர்களை அது முதல் பில்லில் திடுக்கிட வைக்கும்.

மாதம் 250 யூனிட் வரை படிப்படியான கணக்கு. முதல் 50-க்கு ஒரு விலை, அடுத்த 50-க்கு இன்னொரு விலை என்று ஏறும். 250-ஐத் தாண்டிவிட்டால் படிகள் எல்லாம் போய்விடும். முதல் யூனிட்டிலிருந்து கடைசி யூனிட் வரை எல்லாவற்றுக்கும் ஒரே உயர்ந்த விலை. மீட்டர் பார்ப்பது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை என்பதால், ரசீதில் 500 யூனிட்டுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணைப் பார்த்தால் உஷாராகிவிடணும்.

இப்போ உங்கள் கணக்கு: வீட்டுக்கு மாதம் 180 யூனிட், காருக்கு 160 என்று வைத்தால் 340. கோட்டைத் தாண்டியாச்சு. கார் குடித்த 160 யூனிட்டுக்கு மட்டுமல்ல, ஏற்கெனவே குறைந்த விலையில் கிடைத்துக்கொண்டிருந்த 180-க்கும் சேர்த்துக் கூடுதல் கொடுக்கிறீர்கள். காரின் உண்மையான செலவைத் தெரிந்துகொள்ள கேஎஸ்இபி இணையதளத்தில் உள்ள பில் கால்குலேட்டரில் இரண்டு எண்ணையும் தனித்தனியாகப் போட்டு, வித்தியாசத்தை 160-ஆல் வகுங்கள். பயப்படாதீங்க, அப்படிப் பார்த்தாலும் பெட்ரோலை விட மிகக் குறைவாகத்தான் வரும். ஆனால் ஷோரூமில் சொன்ன “கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய்கூட இல்லை சார்” கணக்கை நம்பி பட்ஜெட் போட்டிருந்தால் கையைக் கடிக்கும்.

250-ஐத் தாண்டியவர்களுக்கு 2025 ஜனவரியிலிருந்து நேரத்தைப் பொறுத்தும் விலை மாறுகிறது. காலை 6 முதல் மாலை 6 வரை 10 சதவீதம் குறைவு, மாலை 6 முதல் இரவு 10 வரை 25 சதவீதம் கூடுதல், அதன் பிறகு சாதாரண விலை. ஆபீஸிலிருந்து வந்ததும் பிளக்கைச் செருகுவது இயல்பு. அதுதான் ரொம்ப விலை கூடிய நேரமும். காரின் ஆப்பிலேயே டைமர் இருக்கும், நள்ளிரவுக்கு மேல் என்று வைத்துவிட்டுத் தூங்குங்க. 2024 கோடையில் மாநிலத்தின் மின் தேவை உச்சத்தைத் தொட்டபோது, வண்டிகளை நள்ளிரவுக்கு முன் சார்ஜ் போடாதீர்கள் என்று கேஎஸ்இபி வேண்டுகோள் விடுத்ததும் இதனால்தான். எல்லோரும் ஏசியையும் போட்டு காரையும் செருகினால், தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் என்ன செய்யும்?

“மூணு பின் இருக்கே சார்!”

இனிதான் முக்கியமான விஷயம். வீடு பார்க்கும்போது எலக்ட்ரீஷியனிடம், “சேட்டா, இந்த பிளக்கில் எர்த் இருக்கா?” என்று கேட்டுப் பாருங்க. “மூணு பின் இருக்கே சார்!” என்று பதில் வரலாம். மூன்று துளை இருப்பதற்கும் எர்த் இருப்பதற்கும் சம்பந்தமே இல்லை. பழைய வீடுகளில் மேலே உள்ள பெரிய துளைக்குப் பின்னால் ஒயரே இல்லாமல் இருக்கும். அல்லது எர்த் கம்பி, என்றைக்கோ துருப்பிடித்து அறுந்துபோன ஓர் இரும்புக் குழாயில் போய் முடியும்.

காருக்கு எர்த் ஏன் அவ்வளவு அவசியம்? கார் நான்கு ரப்பர் டயரில் நிற்கிறது. சார்ஜ் ஆகும்போது அதன் இரும்பு உடம்புக்கும் பூமிக்கும் இடையே நம்பத்தக்க ஒரே இணைப்பு, சார்ஜர் கேபிளுக்குள் போகும் எர்த் ஒயர்தான். உள்ளே எங்காவது இன்சுலேஷன் போய் உடம்பில் மின்சாரம் ஏறினால், அது அந்த ஒயர் வழியாகப் பூமிக்குப் போகணும். ஒயர் இல்லையென்றால் காத்திருக்கும். ஈரக் காலோடு யாராவது கதவைத் தொடும் வரை.

நல்ல சார்ஜர் எர்த்தைச் சோதித்துப் பார்த்து, இல்லையென்றால் சிவப்பு விளக்கைக் காட்டி வேலை செய்ய மறுக்கும். இங்கேதான் ஒரு மோசமான குறுக்குவழி நடக்கிறது. பிளக்குக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் ஒரு சின்ன ஒயரால் இணைத்துவிடுவது. சார்ஜர் ஏமாந்து பச்சை விளக்கைக் காட்டும். “சரியாயிடுச்சு சார்” என்று கூலியும் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். எப்போதாவது நியூட்ரல் ஒயர் அறுந்தால் அந்தக் கணமே காரின் மொத்த உடம்பிலும் 230 வோல்ட். சார்ஜர் எர்த் ஃபால்ட் என்று சொன்னால், அது பொய் சொல்லவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள். ‘எர்த் பைபாஸ்’ பிளக் எதையும் ஆன்லைனில் தேடாதீங்க.

செய்ய வேண்டியது, காருக்கென்று புதிதாக ஓர் எர்த் போடுவது. கடலோர மணலில் ஈரமும் உப்பும் இருப்பதால் எர்த் நன்றாகவே கிடைக்கும், ஆனால் அதே உப்பு சாதாரண ஜிஐ குழாயைத் தின்றுவிடும். தாமிரப் பூச்சுள்ள ராடு கேளுங்க. போட்ட பிறகு மீட்டர் வைத்து அளந்து காட்டச் சொல்லுங்க. 5 ஓமுக்குள் இருந்தால் நிம்மதி. வருஷத்துக்கு ஒருமுறை, மழைக்கு முன்னாடி, திரும்பவும் அளக்கணும்.

அடுத்து ஒயர். “கீசர் ஓடுற பிளக்தானே, கார் ஓடாதா?” என்று வீட்டுக்காரர் கேட்பார். கீசர் கால் மணி நேரத்தில் நின்றுவிடும். கார் 14 ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். பழைய ஒயரில் எங்கோ சுவருக்குள் ஒரு தளர்ந்த ஜாயின்ட் இருந்தால், கால் மணி நேரத்தில் வெளியே தெரியாத சூடு நாலு மணி நேரத்தில் பிளாஸ்டிக்கை உருக்கும். அதனால் மெயின் போர்டிலிருந்து நடுவில் ஜாயின்ட் இல்லாமல் தனி லைன் இழுக்கணும். 3.3-க்கு 4 சதுர மி.மீ. தாமிர ஒயர், 7.2-க்கு குறைந்தது 6, போர்டுக்கும் காருக்கும் தூரம் அதிகம் என்றால் 10. இந்த லைன் இன்வெர்ட்டர் பக்கம் போகக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்க. கரண்ட் போன ராத்திரி உங்கள் கார் இன்வெர்ட்டரை உறிஞ்சி முடித்துவிடும், ஃபேனும் நின்றுவிடும்.

கடைசியாக ஆர்சிசிபி. மின்கசிவு வந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் லைனை வெட்டுவது இதுதான். வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம், ஆனால் பெரும்பாலும் அது ‘ஏசி டைப்’. கார் சார்ஜரிலிருந்து டிசி கலந்த கசிவு வந்தால் அந்த ரகத்துக்கு அது தெரியாமல் போகலாம். காருக்கு 30 மில்லி ஆம்பியர், குறைந்தது ‘ஏ டைப்’ வேணும். இது என் கருத்து இல்லை. மத்திய மின்சார ஆணையம் சார்ஜிங் நிலையங்களுக்காக 2019-ல் சேர்த்த பாதுகாப்பு விதிகளிலேயே இருக்கிறது. அதே விதிகளில் இன்னும் சில நல்ல விஷயங்கள் உண்டு: பிளக் தரையிலிருந்து 800 மி.மீ. உயரத்துக்கு மேல் இருக்கணும், காரின் சார்ஜிங் வாய்க்கும் பாயின்டுக்கும் இடையே 5 மீட்டருக்குள் இருக்கணும், எக்ஸ்டென்ஷன் கார்டு, அடாப்டர் எதுவும் கூடாது. வீட்டுக்கும் இதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம்.

தண்ணீர், உப்பு, இடி

800 மி.மீ. விதி இந்த ஊருக்கென்றே எழுதியது மாதிரி இருக்கும். கொச்சியின் தாழ்ந்த பகுதிகளில் வெள்ளம் வர மழை பெய்ய வேண்டியதில்லை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை கடல் ஏற்றத்தில் உப்புநீர் ஓடை வழியாக ஏறி முற்றம் வரை வந்துவிடும். மலையாளத்தில் வேலியேற்றம், நம் பழைய சொல்லில் ஓதம். இடக்கொச்சி, கும்பளங்கி பக்கம் இருப்பவர்களுக்கு இது வருஷாவருஷம் நடப்பது. பக்கத்து வீட்டு சுவரில் தண்ணீர்க் கறை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று பாருங்க. அதற்கு ஓர் அடி மேலே சார்ஜர். தண்ணீர் ஏறும் என்று தெரிந்தால் முதலில் எம்சிபியை அணைத்துவிட்டு, காரை மேட்டுக்கு எடுத்துப் போங்க. காரின் அடிப்பகுதி உப்புநீரில் மூழ்கியிருந்தால், சர்வீஸில் காட்டாமல் சார்ஜ் போடவே கூடாது.

உப்புக் காற்றுக்கு, ஐபி65 தரத்தில் அடைப்புள்ள பெட்டி வாங்குங்க. அதோடு மேலே ஒரு சின்ன தகரக் கூரையும் போட்டால் கேபிளின் கன் நனையாமல் இருக்கும். துலாவர்ஷ மாதங்களான அக்டோபர், நவம்பரில் சாயங்காலம் கேரளத்தில் இடி மின்னல் அதிகம். டைப் 2 சர்ஜ் ப்ரொடெக்டர் ஒன்றை போர்டில் சேர்ப்பது, காருக்குள் உள்ள சார்ஜரை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. இடி இடிக்கும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுவது அதைவிட நல்லது.

சுவர் உங்களுடையது இல்லையென்றால்?

போர்ட் கொச்சி, மட்டாஞ்சேரி வீடுகளில் பல, செம்மண் நிற வெட்டுக்கல்லில் கட்டி சுண்ணாம்பு பூசியவை. அதில் போல்ட் அடித்தால் முதல் வருஷம் பிடிக்கும், பிறகு உதிரும். பாரம்பரியப் பகுதி என்பதால் தெருப்பக்க முகப்பில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிப்பதும் கஷ்டம். கேட்டுக்கு உள்ளே ஓர் இரும்புத் தூணை நட்டு அதில் மாட்டுவது சுலபம். போகும்போது பெட்டியைக் கழற்றிக்கொள்ளலாம். ஒயரும் எர்த்தும் வீட்டுக்காரருக்கு. அதை முன்கூட்டியே சொல்லி, பாதிச் செலவை வாடகையில் கழிக்க முடியுமா என்று பேசிப் பாருங்க. “அங்கிள், அடுத்து வர்றவரும் மின்சார வண்டிதான் வச்சிருப்பார்” என்பது பொய்யான வாதம் இல்லை.

காருக்கு உள்ளே இடமே இல்லை, சந்தில்தான் நிற்கிறது என்றால்? ஜன்னல் வழியாக ஒயரை இழுத்துத் தெருவைக் கடந்து சார்ஜ் போடுவதை இங்கே சில சந்துகளில் பார்க்கலாம். செய்யாதீங்க. அந்த ஒயரை மிதித்துப் போவது பள்ளிக்கூடப் பிள்ளைகள். ஸ்கூட்டருக்கு கேஎஸ்இபி மின்கம்பங்களில் வைத்திருக்கும் பாயின்ட்கள் உண்டு, மாநிலம் முழுக்க ஆயிரத்துக்கு மேல். காருக்கு, ஆபீஸ் பார்க்கிங்கில் சார்ஜர் இருக்கிறதா என்று கேளுங்க. பொது நிலையங்களில் காலை 9 முதல் மாலை 4 வரை மின்கட்டணம் குறைவு, நீங்கள் வேலையில் இருக்கும் நேரமும் அதுதான். வீட்டில் ஒழுங்காக மாட்ட முடியாவிட்டால் மாட்டாமல் இருப்பதும் ஒரு முடிவுதான்.

மாட்டுவது என்று முடிவானால், மாநில உரிமம் பெற்ற ஒயர்மேன் அல்லது கான்ட்ராக்டரை மட்டும் கூப்பிடுங்க. வேலை முடிந்த சான்றிதழோடு செக்‌ஷன் ஆபீஸில் கூடுதல் சுமையைப் பதிவு செய்யச் சொல்லுங்க. எங்கே கேட்பது என்று தெரியாவிட்டால் 1912-க்கு அடிக்கலாம்.

முதல் ராத்திரி டைமர் வைக்காதீங்க. நீங்கள் விழித்திருக்கும்போதே சார்ஜ் போடுங்க. போடும் முன் ஆர்சிசிபியின் ‘டெஸ்ட்’ பட்டனை அழுத்துங்க, டக்கென்று விழணும். ஒரு மணி நேரம் கழித்து பிளக்கின் மேல் மூடியிலும் எம்சிபியின் முகத்திலும் புறங்கையை வைத்துப் பாருங்க. இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாத சூடு என்றால் அணைத்துவிட்டு, காலையில் சேட்டனைத் திரும்பக் கூப்பிடுங்க.